ஏவலுக்கா இக்கல்வி?

"சமைக்கவும் பிள்ளை வளர்க்கவும் பாடசாலையில் படிக்க வேண்டுமா?" என்று ஒரு சாரார் நகைக்கின்றனர். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதுவே போதும்" என்று மற்றொரு சாரார் பரிவு காட்டுகின்றனர். நகைப்பும் பரிவும் ஒரே வேரில் முளைத்தவை. பிறரைப் பேணும் உழைப்புக்கு அறிவு தேவையில்லை; அதைச் செய்வோருக்கும் அறிவு தேவையில்லை. இந்த எண்ணமே அந்த வேர். அதை அறுத்தெறியாமல் தொழிற்கல்வியைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு.

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையில் தேறாதவரும் பதின்மூன்று ஆண்டுகள் கற்பதற்கு வழிசெய்யும் திட்டம் 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கப்பட்டது. அதன் 26 தொழிற்பாடங்களுள் சிறுவர் உளவியலும் பராமரிப்பும், சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும், உணவு பதனிடல், சுற்றுலாவும் விருந்தோம்பலும் ஆகியன இடம்பெற்றன. பரீட்சையில் தவறிய பிள்ளையைத் தெருவில் விடாத எந்த ஏற்பாட்டையும் நாம் வரவேற்கிறோம். நமது வழக்கு அப்பாடங்களோடு அன்று. அவற்றை யார் படிப்பது என்று பிறப்பையும் பிறந்த இடத்தையும் பார்த்து முன்கூட்டியே தீர்மானித்துவிடும் மனப்பான்மையோடுதான்.

ஹேவாஹெட்ட மலைகளில் நின்று இதைச் சிந்திப்போம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இம்மலைகளில்தான் இருக்கிறது. அந்தப் பத்தொன்பது ஏக்கரின் கதையை நம் மாணவர் பாடமாகப் படிக்கின்றனர். ஆனால் பின்னாளில் பரந்து விரிந்த மலைகளில் கொழுந்தெடுத்த தாய்மாரின் கைக்குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வி எந்தப் பாடத்தில் வருகிறது? பிள்ளை மடுவத்தில் இருந்த ஆயா பார்த்துக்கொண்டாள். மலையேறிக் கொழுந்தெடுக்க இயலாத முதியவளே பெரும்பாலும் அந்த வேலைக்கு விடப்பட்டாள். அவள் ஒரு நாள் வராவிட்டால் தாய்மாரால் மலையேற முடியாது. கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்ச் சேராது. இருந்தும் அவள் செய்ததைத் தொழில் என்று மதித்தவர் எத்தனை பேர்?

இந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வியும் தாமதித்தே வந்தது. 1945இல் இலவசக் கல்வி பிறந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வாயிலுக்கு வெளியே நின்றன. 1970களின் பிற்பகுதியிலேதான் அவை பரவலாக அரசின் பொறுப்புக்கு வந்தன. இவ்வளவு பிந்தி வகுப்பறைக்கு வந்த பிள்ளையைப் பார்த்து, "உனக்குக் கரண்டி போதும், கணிதம் வேண்டாம்" என்று சொல்வது எவ்வகை நீதி?

1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைத் தமிழுலகம் மறக்கவில்லை. அரை நாள் பள்ளி, மீதி நேரம் தந்தையின் தொழில் என்றது அத்திட்டம். மக்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டனர். பெரியாரும் பிறரும் கிளர்ந்தெழுந்தனர். 1954இல் அது கைவிடப்பட்டது. குயவனின் சக்கரத்தையும் நெசவாளியின் தறியையும் எவரும் இழிவென்று எதிர்க்கவில்லை. குயவனின் மகன் சக்கரத்தைத் தவிர வேறொன்றையும் காணக்கூடாது என்பதையே எதிர்த்தனர். கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டுச் சட்டம் மனையியலுக்கும் தொழிற்கல்விக்கும் அரசுப் பணம் வழங்கியது. ஆனால் கறுப்பினப் பெண்பிள்ளைகள் பலருக்கு அக்கல்வி வெள்ளையர் வீட்டுச் சமையலறைக்கே வழிகாட்டிற்று. கைத்தொழிற் பயிற்சியோடு தம் இனம் நின்றுவிட வேண்டும் என்ற வாதத்தை டு போய்ஸ் 1903இலேயே மறுத்திருந்தார்.

எனவே நமது உரைகல் எளியது. ஒரு மாணவி எட்டக்கூடிய தூரத்தில் தமிழ்மொழி மூலம் பௌதிகமும் இணைந்த கணிதமும் கற்க இடமிருந்து, அதன் பின்னரும் அவள் பராமரிப்புப் பாடத்தை விரும்பினால் அது தெரிவு. அந்தக் கதவுகள் பூட்டிக்கிடக்க, இந்த ஒரு கதவு மட்டும் திறந்திருந்தால் அது தெரிவன்று; தீர்ப்பு.

இனி, நகைப்போருக்கு ஒரு கேள்வி. 2005இல் மூதூரிலிருந்து ரிசானா நபீக் என்ற பதினேழு வயதுச் சிறுமி, கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டு, சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் கையில் ஒரு பச்சிளங்குழந்தை ஒப்படைக்கப்பட்டது. குழந்தை இறந்தது. பால் புரையேறியதென்று அவள் சொன்னாள். கொலையென்று நீதிமன்றம் சொன்னது. 2013 ஜனவரி 9ஆம் நாள் அவள் தலை வெட்டப்பட்டது. குழந்தைக்குப் பாலூட்டுவதில் கற்க என்ன இருக்கிறது என்று இனியும் எவரேனும் கேட்பரோ? பயிற்சியில்லாத ஒரு சிறுமியின் கையில் சிசுவைக் கொடுத்துவிட்டு, பிழை நேர்ந்தால் உயிரைக் கேட்கிறது இவ்வுலகம்.

ஆனால் பாலூட்டும் முறையை மட்டும் கற்பித்தால் போதாது. வேலை ஒப்பந்தத்தை வாசிக்கவும், கூலியைக் கணக்கிடவும், கடவுச்சீட்டைப் பிறர் பறித்து வைப்பது குற்றமென்று உணரவும் கற்பிக்க வேண்டும். வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்யும் பொறுப்பைப் பொலிசாரிடம் கொடுத்த 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை வகுப்பில் விவாதிக்க வேண்டும். உழைப்பவளைச் சந்தேகத்துக்குரியவளாகக் கண்ட மனம் அதில் தெரியும். வீட்டு வேலையும் வேலையே, வாரத்தில் தொடர்ந்து இருபத்துநான்கு மணிநேர ஓய்வு அவர்களுக்கும் உரியது என்று கூறும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 2011ஆம் ஆண்டின் 189ஆம் உடன்படிக்கையையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். உரிமையைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்லிக்கொடுத்தால் நாம் உருவாக்குவது ஏவலாளரை, தொழிலாளரையன்று.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. பராமரிப்பும் சமையலும் ஆண்பிள்ளைகளுக்கும் பாடமாகட்டும். நகரத்துப் பெரிய கல்லூரிகளிலும் பாடமாகட்டும். சிசுவின் உடலியலும் உணவின் இரசாயனமும் அதனுள் இடம்பெறட்டும். தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டத்தோடு பாதை முடியாமல், பட்டப்படிப்புவரை தடையின்றிச் செல்லட்டும். இவற்றோடு, மலையகப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் வரட்டும். இது அதற்குப் பதிலாகாது. அது இதற்குப் பதிலாகாது.

ஆசிரியத் தோழர்களே! அடுத்த முறை ஒரு மாணவியின் பெயரைத் தொழிற்பிரிவில் எழுதும்போது பேனாவைச் சற்று நிறுத்துங்கள். "உனக்கு வேறு என்ன படிக்க விருப்பம்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பாடம் நம் பாடசாலையில் இல்லையென்றால், அந்த இல்லாமையையும் எழுத்தில் பதிந்து மேலிடத்துக்கு அனுப்புங்கள். நூறு பாடசாலைகளிலிருந்து நூறு கடிதங்கள் போகட்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.