நித்தியகல்யாணி

நித்தியகல்யாணிச் செடியை வீட்டு முற்றத்தில் வைக்கலாகாது என்று எண்ணுவோர் நம் குடும்பங்களில் இன்னும் உளர். சுடுகாட்டு மல்லி என்று அதற்கு மறுபெயர் வழங்குவதே காரணம். நவம்பர் 2ஆம் நாளுக்காகக் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்யச் செல்பவர்கள் அப்பெயரின் காரணத்தை அங்கேயே காணலாம். நீர் வார்ப்பாரில்லை, ஆடுமாடுகளும் கசப்புக்கு அஞ்சி வாய் வைப்பதில்லை, செடியோ ஆண்டு முழுவதும் பூத்து நிற்கிறது. இதில் அபசகுனம் எங்கே இருக்கிறது?

மடகாஸ்கர் தீவு இதன் தாயகம். 1950களில் கனடா நாட்டு ஆய்வாளர்களான ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், ஜமைக்காவிலிருந்து வந்த இலைகள் நீரிழிவுக்கு உதவுமோ என்று ஆராய்ந்தனர். எலிகளுக்குச் சாற்றை வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசிவழி செலுத்தியபோதோ குருதியின் வெள்ளணுக்கள் குன்றி, எலிகள் நோய்த்தொற்றால் மாண்டன. அந்தத் தடயத்தைப் பற்றிச் சென்றே, 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தை வெளிப்படுத்தினர். இதே செடியிலிருந்து பின்னர் கிடைத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படுகிறது.

இதைக் கேட்டு இலையைப் பறித்துக் கஷாயம் வைக்கப் புறப்பட வேண்டாம். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. அதைப் பிரித்தெடுத்து, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் நரம்பு வழியாகவே செலுத்துவர். வீட்டுக் கஷாயத்தில் எந்த நஞ்சு எவ்வளவு இறங்கிற்று என்று அனுபவமுள்ள பாட்டியாலும் சொல்ல இயலாது. உடலில் கட்டி கண்டபின், மருத்துவமனையை விட்டு இந்தக் கஷாயத்தை நம்பி மாதங்களைக் கழிப்பது உயிரோடு விளையாடுவதாகும். கருவுற்ற பெண்கள் இதை உட்கொள்ளவே கூடாது. கண்டதையும் வாயிலிடும் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.

வளர்ப்பது எளிது. நல்ல வெயிலும் நீர் வடியும் மணற்பாங்கான மண்ணும் போதும். எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் மிகும். நம் அன்பு மிகுதியால், அதாவது தண்ணீர் மிகுதியால், சாகும் செடி இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தொட்டியைச் சற்றே உயர்த்தி வையுங்கள். நுனிகளைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பெருகும். ஓரிரு ஆண்டில் அடித்தண்டு கட்டையாகிப் பூ குறையும்போது பாதி உயரத்துக்கு வெட்டிவிடலாம். விதைப்பதாயின் மழை ஓய்ந்த தை மாதத்தில் விதைத்து, மேலே மெல்லிய மண் போர்வை இடுங்கள். வெளிச்சம் பட்டால் விதை சரிவர முளைக்காது.