இருவரும் காண வேண்டிய நகரங்கள்

பயணம் மனிதனைப் பண்படுத்தும் என்பர். ஆயின் நம் கரையில் அது நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாய் இருந்து வந்துள்ளது. முத்துக்கும் சங்குக்கும் கடலில் மூழ்கியவர் ஆடவர். தோணியேறிக் கொழும்பில் வணிகம் செய்தவர் ஆடவர். பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறியவருள்ளும் பெரும்பாலோர் ஆடவரே. நம் பெண்டிருள் பலர் கண்ட வெளியூர்களோ திருமண வீட்டிற்கும் மருத்துவமனைக்கும் சென்று திரும்பிய ஊர்களே. இந்நிலையில், வசதி வாய்ந்த சில இல்லங்களிலிருந்து கணவனும் மனைவியுமாய் ஸ்பெயின், இத்தாலி, போர்த்துகல் ஆகிய நாடுகளின் பழம்பெரும் நகரங்களைக் காணப் புறப்படுவது வரவேற்கத்தக்கதாகும்.

வரலாறு நமக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. மொராக்கோ நாட்டுப் பயணியாகிய இப்னு பதூதா 1340களில் மதுரைக்கு வந்தார். 1350 அளவில் தென் ஸ்பெயினின் கிரானடா நகரையும் கண்டார். நம் மதுரையும் கிரானடாவும் ஒரே மனிதரின் நூலில் இடம்பெற்றன. அவர் மணந்த பெண்களுள் ஒருத்தி மதுரைச் சுல்தானாக விளங்கிய சலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள். அவளும் அவள் ஈன்ற மகளும் பின்னாளில் என்னவாயினர் என்பதைத் தாம் அறியேன் என அவரே குறிப்பிடுகிறார். உலகைக் கண்டவர் கணவர். மனைவியோ அவர் நூலில் சில வரிகளில் மறைந்து போனாள். ஆறரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நம் இல்லங்களில் இக்கதை தொடர்வது முறையாகுமா?

'வீண் செலவு' என்று பெரியோர் சிலர் கருதலாம். மூன்று வேளை விருந்தில் கரைந்துபோகும் பெருந்தொகையை எண்ணிப் பார்த்தால், இருவர் அறிவு விரியச் செய்யும் செலவு வீணன்று என்பது விளங்கும். ஹஜ்ஜுக் கடமைக்கு இணையராய்ச் செல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. எனவே மனைவியுடன் கடல் கடப்பது நமக்குப் புதிதுமன்று.

எனினும், புறப்படுவோர்க்கு ஒரு வேண்டுகோள். சொந்தக் கரையை அறியாதவர் அந்நகரங்களுக்குச் சென்று கொண்டுவருவன புகைப்படங்களே. வெனிசு நகர வீதிகளில் உலவுவோர், அந்நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் காயலைக் கண்டு, அதன் குதிரை வணிகத்தைப் பதிவு செய்தமையை அறிந்திருத்தல் வேண்டும். லிசுபன் செல்வோர், 1554இல் தமிழர் மூவர் துணையுடன், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்த நூலொன்று அங்கு அச்சேறியதை நினைவிற்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578இல்தான். அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் பணியாற்றியதோ நம் முத்துக்குளித்துறையில்.

கார்டோபாவின் பெரும்பள்ளி 8ஆம் நூற்றாண்டில் தொடங்கப் பெற்றது. அதன் எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்களுள் பல, பழைய உரோமானியக் கட்டடங்களிலிருந்து பெற்றவை. 1236இல் அது தேவாலயமாயிற்று, தூண்கள் நின்றன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய கற்பள்ளிகளைப் பாருங்கள். தமிழகச் சிற்பியரின் தூண் மரபே அவற்றைத் தாங்குகிறது. எந்த மண்ணில் வாழ்கிறோமோ அந்த மண்ணின் கைவண்ணத்தைக் கொண்டே இறையில்லம் எழுப்பினர் நம் முன்னோர். இவ்வொற்றுமை, இரண்டையும் கண்ட கண்ணுக்கே புலப்படும்.

ஐரோப்பா செல்ல வசதியற்றோர் வருந்த வேண்டுவதில்லை. மாப்பிள்ளையூரணியில் காலையில் புறப்படும் குடும்பம், தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத்தையும், சங்கப் புலவர் முத்துக்காகப் போற்றிய கொற்கையையும், ஆற்று வண்டலால் கடலை இழந்த பழைய காயலையும், காயல்பட்டினத்தையும் கண்டு இரவுக்குள் இல்லம் திரும்பலாம். கொற்கையில் 1968-69இலும் 2021இலும் அகழாய்வு நடைபெற்றது. அயல்நாட்டார் தம் பழஞ்சுவர்களைப் போற்றிக் காக்க, நாமோ பழைய தூண்களுக்குச் சுண்ணம் பூசி மறைக்கிறோம். புதுப்பித்தல் என்னும் பெயரால் சிலவற்றை இடித்தும் விடுகிறோம். காண வருவோர் பெருகினால், காக்க வேண்டும் என்னும் எண்ணமும் பெருகும்.

மாணவ மணிகளே! நாளை நீங்கள் இல்லறம் ஏற்பீர்கள். உங்கள் முதற்பயணம் கொற்கைக்காயினும் ஆகுக, கார்டோபாவிற்காயினும் ஆகுக; இருவராய்ச் செல்லுங்கள். கண்டதை இருவருமே எழுதுங்கள். அவள் கண்டது இன்னதென்று அடுத்த தலைமுறை அவள் எழுத்திலேயே படிக்கட்டும்.