பூண்டுக்குக் குளிர் வேண்டும்

பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் கோடைப் பயிர்கள் ஓயும் அக்டோபர்தான் பூண்டு நடச் சரியான பருவம். ஒன்றிரண்டு மாதங்கள் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் கிடைத்தால்தான் அது நன்றாகப் பல் பிரியும். வசந்தத்தில் தாமதமாக நட்டால் பலவேளை ஒற்றைப்பல் பூண்டே மிஞ்சும். குளிர்கால ஈரத்தில் அழுகிவிடாதா என்பார்கள். களிமண்ணில் அது நியாயமான அச்சம்தான்; அங்கே மேட்டுப்பாத்தி அமைக்கலாம், அல்லது குழித்தட்டில் நட்டு, வெளியே குளிரில் வைத்திருந்து பிறகு நிலத்துக்கு மாற்றலாம்.

வெங்காயத்துக்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை. இலையுதிர்காலத்தில் நட்ட விதை வெங்காயம் முந்தி விளையும், உண்மை. ஆனால் பூத்தண்டு விடும் அபாயம் உண்டு, நெடுநாள் சேமிக்கவும் அவ்வளவாக உதவாது. வெள்ளை அழுகல் நோய் கண்ட மண்ணிலோ இரண்டையுமே தவிர்க்க வேண்டும். அந்தப் பூஞ்சை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும்.