பச்சை வலை ஆளைத் தாங்காது

கட்டடச் சாரத்தைச் சுற்றிக் கட்டும் பச்சை வலை தூசியைத் தடுக்கும். ஆள் விழுந்தால் தாங்காது. ஆளைத் தாங்கும் வலை வேறு. அது உறுதியான கயிற்றால் பின்னப்பட்டது. வேலை நடக்கும் தளத்துக்குச் சற்றுக் கீழே, விழுபவர் தரையில் மோதாதபடி அடியில் இடம் விட்டு விரிக்கப்படுவது. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலப் பணியில் இத்தகைய வலை 19 பேரைக் காப்பாற்றியது. 1937 பிப்ரவரியில் சாரமே பெயர்ந்து விழ, வலை கிழிந்து 10 பேர் இறந்தார்கள். சாரத்தின் எடைக்கு அது போடப்படவில்லை.

கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேருக்குக் குறையாத பணியிடங்களுக்கே வகுக்கப்பட்டது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சவுக்குச் சாரம் கட்டி மாடி எழுப்பும் ஐந்தாறு கொத்தனார், சித்தாள்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. கட்டட அனுமதி தரும்போதே பேரூராட்சியும் ஊராட்சிகளும் ஆளைத் தாங்கும் வலையை நிபந்தனையாக்க வேண்டும்.

- வாசகர், உத்திரமேரூர்