உள்ளூர் என்றால் எந்த ஊர்?

“உள்ளூர் உற்பத்தியை வாங்குவோம்” என்று எல்லாரும் சொல்லுறம். 2022இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடின நேரம் இன்னும் சத்தமாகவே சொன்னோம். ஆனால் புடவைக்கடைக்குள்ள கால் வைச்சதும் அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. எந்த ஊர்? ஆர் செய்தது? காசு ஆரிட்டப் போய்ச் சேருது? இதைக் கேட்காத வரைக்கும் “உள்ளூர்” என்பது வெறும் கோஷம்தான்.

முதலில் லேபலைப் பாருங்கள். “இலங்கையில் தயாரிக்கப்பட்டது” என்று இருக்கும். நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 40 வீதம் ஆடைகளால் வருகிறது. ஆனால் அந்த ஆடைகளுக்கான துணியில் பெரும்பகுதி சீனா, இந்தியா போன்ற நாடுகளில் இருந்து வருவது. இங்கே நடப்பது வெட்டுவதும் தைப்பதும். கட்டுநாயக்கவிலும் கிளிநொச்சியிலும் மெஷினுக்கு முன்னால் நாள் முழுக்க இருக்கிற அக்காமாரின் உழைப்பை நான் குறைச்சுச் சொல்லேல்ல. அதுவும் எங்கட நாட்டு உழைப்புத்தான். ஆனால் துணியை நெய்தது ஆர் என்பதை அந்த லேபல் சொல்லாது.

அடுத்தது “கைத்தறி” என்ற பெயர். கலைவிழா, பொங்கல் விழா வந்தால் எங்கட கம்பஸிலும் எல்லாருக்கும் கைத்தறிப் பாசம் பொங்கும். கடைக்குப் போனால் விசைத்தறியில் நெய்ததும், கோடும் கட்டமும் அச்சடிச்சதும் அதே பெயரில் தொங்கும்.

அம்பாறை மாவட்டத்தில் மருதமுனை என்று ஒரு ஊர், கைத்தறிச் சாரத்துக்குப் பேர்போனது. ஒரு சாரம் தறிக்கு வர முதலே நூலுக்குச் சாயம் போட வேணும், காயவைக்க வேணும், சுத்த வேணும், பாவு ஓட வேணும், ஒவ்வொரு இழையாகக் கோக்க வேணும். பிறகுதான் நெசவு. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு இறக்குமதித் துணி வந்து குவிந்தபோது நாடு முழுக்கக் கைத்தறி அடிவாங்கியது. 2004இல் சுனாமி மருதமுனைக்குள்ளும் புகுந்தது. இரண்டையும் தாண்டி வந்த தொழில் இது. இப்ப அதுக்குப் பக்கத்தில பாதி விலையில் ஒரு போலி தொங்கினால், நெசவாளி கேட்கிற நியாயமான கூலி பேராசை மாதிரித் தெரியும். அவருடைய பிள்ளை தறியில் இருக்க மாட்டேன் என்று சொன்னால் ஆரைக் குற்றம் சொல்லுறது?

“நூலும் இறக்குமதிதானே?” என்று கேட்பீங்கள். உண்மைதான். ஆனால் நூல் துணியாக மாறுகிற அத்தனை வேலையும், அதுக்கான கூலியும் இந்த மண்ணிலேயே நிற்குது. அந்தக் கூலி இங்க நிற்கவேணும் என்பதுதான் என்ர வாதம். நெசவாளி மேல இரக்கப்பட்டு வாங்கச் சொல்லேல்ல.

இன்னொரு பொய் அர்த்தமும் இருக்கு: “எங்கட ஆக்களிட்ட மட்டும் வாங்கு.” 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி எத்தனை செய்திகள் சுற்றின என்று நினைவிருக்கும். மருதமுனைத் தறிகளில் பெரும்பாலும் இருப்பது முஸ்லிம்கள். இனம் பார்த்து வாங்கிக்கொண்டு உள்ளூர் உற்பத்தி பற்றிக் கதைக்கிறவருக்கு இந்தத் தறிகள் கண்ணில படாது. பக்கத்து ஊர் நெசவாளி உள்ளூர் இல்லையென்றால் வேற எது உள்ளூர்?

“ஸ்டூடன்ட் நாங்கள், காசுக்கு எங்க போறது?” நியாயமான கேள்வி. எல்லா உடுப்பையும் கைத்தறியில் வாங்க ஏலாது. ஆனால் நாலு தோய்ச்சலோட வெளுக்கிற டீசேட் வருஷத்துக்கு அஞ்சு வாங்குறம். அதில ரெண்டைக் குறைச்சு, ஒரு நல்ல சாரமோ சேட்டுத் துணியோ வாங்கலாம். பட்ச் ட்ரிப்பில கிழக்குப் பக்கம் போனால் நேரே தறிக்குப் போய் வாங்கலாம். கலைவிழாவுக்கு மொத்தமாக உடுப்பு எடுக்கிற மாணவர் சங்கங்கள் அந்த ஓடரை நேரே நெசவாளர்களுக்குக் கொடுக்கலாம். ஒரு பட்ச்சின் ஓடர் ஒரு தறிக்குப் பல நாள் வேலை.

கடையில் வாங்குறதென்றால் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நிறம் மங்கலென்றால் அநேகமாக அச்சடிச்சது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதற்காகக் கைத்தறி என்றும் நம்பிவிட வேண்டாம், விசைத்தறித் துணியும் அப்படித்தான் இருக்கும். கடைக்காரரிட்ட நேரே கேளுங்கள்: “அண்ணே, இது எந்த ஊர்த் தறி?” பதில் இல்லையென்றால் கைத்தறிக்கான விலையைக் கொடுக்காதீங்கள்.