ஏழு கறியும் ஒரு பிடி சோறும்
மொரீஷியஸ் தமிழர்களின் ‘ஏழு கறி’ விருந்தைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அந்தத் தீவையே சுற்றுகிறது. கல்யாண வீட்டிலும் காவடித் திருநாளிலும் தலைவாழை இலை விரித்து, சோற்றைச் சுற்றி ஏழு வகைக் கறி பரிமாறுகிறார்கள். பிரெஞ்சு வாடையோடு அதற்கு ‘செத் காரி’ என்று பெயர்; நம் ரசம் அங்கே ‘ரசோன்’. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை அழைத்துப்போனார்கள். 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் பலர். தலைமுறைகளில் பேச்சுத் தமிழ் பெரும்பாலானவர்களின் நாவிலிருந்து நழுவிவிட்டது. இலையும் ரசமும் நழுவவில்லை.  ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று: அந்த இலையில் விழும் அரிசி கடல் கடந்து வருகிறது. கரும்பு செழிக்கும் அந்த மண்ணில் நெல் வயல் பெயருக்குத்தான். கப்பல் வந்தால்தான் சோறு. 2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவி கிராமத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, பச்சைப் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சி அப்போது கண்ணில் வந்து நின்றது. நெய்வேலியின் மின்சாரம் நமக்கு வேண்டும்தான். ஆனால் வெட்டியெடுத்த நிலக்கரி எரிந்து முடிந்துவிடும். நெல் விளையும் மண் ஆண்டுதோறும் சோறு போடும். ஊரை இழந்தவர்கள் இலையையாவது காப்பாற்றிக்கொண்டார்கள். ஊரிலேயே இருக்கும் நாம் வயலைக் காப்பாற்ற வேண்டும்.