மணலுக்குள் தூங்கும் விதை

பாலைவனம் என்றதும் நம் கண் முன் வருவது என்ன? வெறும் மணல்! அங்கே ஒன்றும் முளைக்காது என்றுதான் நாம் நினைக்கிறோம்.

அது தவறு.

ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்கே தார் பாலைவனம் இருக்கிறது. அங்குள்ள மணல் மேடுகளில் விதைகள் தூங்குகின்றன. ஆடி, ஆவணியில் நல்ல மழை பெய்தால் போதும். மேடு பச்சை கட்டிவிடும்!

முளைப்பது எளிது. பிழைப்பதுதான் கடினம்.

ஒரு மழைக்கும் மறு மழைக்கும் இடையே நாள் நீண்டால், இளஞ்செடி கருகிவிடும். அதில் தப்பினால், அடுத்த கோடையில் புழுதிக்காற்று! ஓர் இடத்தில் அது செடியை மணலால் மூடும். இன்னோர் இடத்தில் வேரடி மணலை வாரிக்கொண்டு போகும்.

மேல் மணல் சுட்டாலும் ஆழத்தில் ஈரம் இருக்கும். காற்று வருவதற்குள் அந்த ஈரத்தை வேர் தொட்டுவிட்டால் செடி பிழைக்கும். மேட்டின் உச்சியில் மணல் ஓயாமல் நகரும். அதனால் அடிவாரத்தில்தான் செடிகள் அதிகம்.

இது இயற்கை வைக்கும் சோதனை. மனிதன் வைத்த சோதனை இன்னும் பெரிது!

அங்கே 'போக்' என்று ஒரு புதர்ச்செடி உண்டு. அதன் வேர் பரவி மணலைப் பிடித்து நிறுத்தும். விறகுக்கும் கரிக்கும் அதை வேரோடு தோண்டினார்கள். மரக்கலப்பை புதரை ஒதுக்கி உழுதது. டிராக்டர் வேரையே அறுத்தது. மிச்சத்தை ஆடுகள் மேய்ந்தன. பிடிப்பு இழந்த மணல், வயலிலும் சாலையிலும் வந்து விழுந்தது.

பரிகாரம் உண்டா? உண்டு.

ஜோத்பூரில் 1952-ல் பாலைவனக் காடு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1959 முதல் அது மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையமாக இயங்குகிறது. அது காட்டிய வழி எளியது. முதலில் மேட்டைச் சுற்றி வேலி. பிறகு காற்றுக்குக் குறுக்கே முள்ளையும் சுள்ளியையும் வரிசையாக நட்டுத் தடுப்பு. அதன் பின்பே விதைப்பும் நடவும். ஆடும் கோடரியும் சில ஆண்டுகள் விலகி நின்றால், நடாத புல்லும் தானே தலைகாட்டும்.

ஆனால், ஆடு மேய்ப்பவர் எங்கே போவார்? அடுப்பு எரிக்கத் தாய்மார் என்ன செய்வார்கள்? வேலிக்குள் விளையும் புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமை அந்த ஊராருக்கே வேண்டும். விறகுக்கு மாற்றும் வேண்டும். அப்போது காவலாளியே தேவை இல்லை. வேலியை ஊரே காக்கும்!

அந்தப் பாலையில் ஓங்கி நிற்கும் 'கேஜ்ரி' மரம் வேறு எதுவும் அல்ல. நம் கோவில்களில் நாம் வணங்கும் வன்னி மரம்தான்.

விதை மணலில் இருக்கிறது. மழையை வானம் தரும். முளைத்ததை வாழவிடும் பொறுமையை மட்டும் மனிதன் தரவேண்டும்.